சைக்கிள் சங்கிலியில் அழுக்குப் படிவது ஏன்?

நிலைமின்சாரத்தைப் பற்றிய சில தவறான கருத்துகளும், அவற்றைச் சோதித்து அறியும் முறைகளும்

நம் நாட்டின் ஊர்ப்புறங்களில் பணியாற்றுவோருக்குச் சைக்கிள் இன்றியமையாத ஒரு வாகனமாக இருந்து வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்கள் சைக்கிள் வைத்திருந்தன. பீகார் மாநில அரசு 2006ஆம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர் சைக்கிள் வாங்குவதற்கு உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. வேறு பல மாநிலங்களிலும் பள்ளி மாணவர்க்குச் சைக்கிள் வழங்கும் திட்டங்கள் நடைபெற்று வந்துள்ளன. ஆயினும், வண்டியைப் பெறுவதில் காட்டப்படும் அக்கறை அதனைப் பேணுவதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. வண்டியின் உறுப்புகளுள் மிக விரைவாகக் கெடுவனவற்றுள் ஒன்று, செயின் என வழங்கும் சங்கிலியாகும்.

ஒரு வாரம் புழுதிச் சாலையில் சென்றுவந்த வண்டியைப் பாருங்கள். சட்டத்தின் குழாய்களின் மீது படிந்த புழுதி, கையால் தட்டினாலே உதிர்ந்துவிடும். சங்கிலியிலோ கரிய களிம்பு போன்ற அழுக்கு அப்பிக்கொண்டிருக்கும். தட்டினாலும் ஊதினாலும் அது போகாது. ஒரே சாலையில், ஒரே காற்றில், ஒரே நேரம் சென்ற இரண்டு உறுப்புகளில் ஒன்று மட்டும் இவ்வாறு அழுக்கேறுவது ஏன்?

இவ்வினாவிற்குப் படித்தவர் பலரும் கூறும் விடை ஒன்று உண்டு. “சங்கிலி பற்சக்கரங்களோடு ஓயாது உராய்கிறது, உராய்வினால் நிலைமின்சாரம் உண்டாகிறது, அம்மின்சாரம் புழுதியை இழுத்துக்கொள்கிறது” என்பது அவ்விடை. வகுப்பறையில் சீப்பைத் தலைமயிரில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கச் செய்யும் சோதனையை அனைவரும் கண்டிருப்பதால், இவ்விளக்கம் கேட்பவருக்கு உடனே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் இது சரியன்று.

காரணத்தைத் தவறாகக் கொள்வதனால் வரும் தீங்கு சிறிதன்று. மின்சாரமே அழுக்கிற்குக் காரணம் என்று எண்ணுபவர் சங்கிலிக்கு மேலும் மேலும் எண்ணெய் விட்டு உராய்வைக் குறைக்க முயல்கின்றனர். அல்லது வண்டியிலிருந்து தரை வரை ஒரு கம்பியைத் தொங்கவிடுகின்றனர். முதற்செயல் அழுக்கை மிகுவிக்கிறது. இரண்டாவது செயலால் பயன் ஏதுமில்லை. இவற்றிற்கிடையே சங்கிலி தேய்ந்து, பற்சக்கரங்களையும் தன்னோடு சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்தல் நலம்.

சங்கிலியின் அமைப்பு

இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் சங்கிலி, சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவரால் 1880ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் கவென்ட்ரி நகரில் செய்த ‘ரோவர்’ வண்டி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறைக்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது. அடிப்படை அமைப்பு அன்று தொட்டு அதிகம் மாறவில்லை.

சங்கிலியின் ஒவ்வொரு மூட்டிலும் மூன்று பகுதிகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன. நடுவே இருப்பது பின் எனப்படும் சிறிய எஃகு ஆணி. அதனைச் சூழ்ந்திருப்பது புஷ் எனப்படும் குழல். அக்குழலின் மேல் தளர்வாகச் சுழல்வது உருளை. இவற்றின் இருபுறமும் தகடுகள் பிணைந்து நிற்கின்றன. ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரையுள்ள தொலைவு சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்.

இம்மூட்டுகள் எத்தனை முறை மடங்குகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். ஒரு வண்டியின் முன் பற்சக்கரத்தில் 44 பற்களும், ஃப்ரீவீல் எனப்படும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும், சங்கிலியில் 112 கண்ணிகளும் உள்ளன என்றும், சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம் என்றும் கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டர் செல்வதற்குப் பெடல் சுமார் 183 முறை சுற்ற வேண்டும். அதற்குள் சங்கிலி முழுவதும் 72 முறை வலம் வந்துவிடும். ஒவ்வொரு வலத்திலும் ஒரு மூட்டு, முன் சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின் சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், ஆக நான்கு முறை அசைகிறது. எனவே ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு மூட்டும் ஏறத்தாழ 288 முறை மடங்கி நிமிர்கிறது. நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் செல்லும் களப்பணியாளரின் வண்டியில் இது மூவாயிரத்தைச் சற்றே எட்டாத எண்ணிக்கையாகும்.

இத்தனை அசைவும் ஆணிக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மிக ஒடுங்கிய இடைவெளியில் நிகழ்கிறது. எண்ணெய் தேவைப்படுவது அவ்விடைவெளியிலேயாம். வெளியே தகடுகளின் மேல் பூசப்படும் எண்ணெயால் மூட்டுக்கு உதவி இல்லை. இவ்வுண்மையை நினைவில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் செய்திகள் அனைத்தும் இதனைச் சார்ந்தவை.

நிலைமின்சாரம் எவ்வாறு தங்குகிறது?

தேய்க்கப்பட்ட அம்பர் என்னும் பிசின் துரும்பை ஈர்க்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். 1600ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட், கண்ணாடி, கந்தகம், அரக்கு முதலிய வேறு பல பொருள்களுக்கும் இவ்வியல்பு உண்டு எனக் காட்டினார். 1729ஆம் ஆண்டில் ஸ்டீபன் கிரே என்பவர், சில பொருள்கள் மின்சாரத்தைத் தம் வழியே செல்லவிடுகின்றன என்றும், வேறு சில அதனைத் தடுக்கின்றன என்றும் கண்டறிந்தார். நமது ஆராய்ச்சிக்கு இக்கண்டுபிடிப்பே திறவுகோலாகும்.

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எலக்ட்ரான்கள் சில இடம் மாறுகின்றன. ஒரு பொருள் நேர்மின்னேற்றமும், மற்றது எதிர்மின்னேற்றமும் பெறுகின்றன. சீப்பு போன்ற கடத்தாப் பொருளில் அம்மின்னேற்றம் தேய்த்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. இரும்பு, எஃகு, செம்பு போன்ற கடத்திகளில் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. கணப்பொழுதில் தன்னோடு இணைந்துள்ள கடத்திகள் அனைத்திலும் பரவிவிடுகிறது. கையில் பிடித்த இரும்புக் கம்பியைத் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் அது காகிதத் துணுக்கை ஈர்ப்பதில்லை. தோன்றிய மின்னேற்றம் கம்பி வழியாகவும் உடல் வழியாகவும் தரைக்குச் சென்றுவிடுவதே அதன் காரணம்.

சங்கிலியில் நிலைமின்சாரம் நிற்குமா?

இதனைச் சங்கிலிக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவதாக, சங்கிலியும் எஃகு, பற்சக்கரங்களும் எஃகு. இரண்டும் கடத்திகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இயங்குபவை. அவற்றிற்கிடையே மின்னேற்றம் பிரிந்து நிற்க வழியில்லை.

இரண்டாவதாக, ரப்பர் டயர்களின் காரணமாக வண்டி தரையினின்று பிரிக்கப்பட்டு, வண்டி முழுவதும் மின்னேற்றம் பெறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வறண்ட காலங்களில் இவ்வாறு ஓரளவு நிகழவும் கூடும். அப்பொழுது அம்மின்னேற்றம் சங்கிலிக்கு மட்டும் உரியதாகாது. கைப்பிடி, சட்டம், சக்கர வளையம், ஆரைக் கம்பிகள் ஆகிய அனைத்திலும் பரவி நிற்கும். அவ்வாறாயின் புழுதி அவை அனைத்திலும் சங்கிலியிற்போலவே அப்பிக்கொள்ள வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை.

மூன்றாவதாக, பருவநிலையைக் கவனியுங்கள். தில்லி, ராஜஸ்தான், பஞ்சாப் முதலிய பகுதிகளில் வறண்ட குளிர்காலத்தில் கம்பளி ஆடையைக் கழற்றும்போது படபடவென்ற ஓசையும், இருளில் சிறு பொறிகளும் தோன்றுவதுண்டு. அதுவே நிலைமின்சாரத்திற்கு உகந்த காலம். மழைக்காலத்தில் ஈரக்காற்றினால் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி, மின்னேற்றம் கசிந்துவிடுகிறது. சீப்புச் சோதனைகூட அக்காலத்தில் சரிவர நடைபெறாது. சங்கிலியோ மழைக்காலத்தில்தான் மிகுதியாக அழுக்கேறுகிறது. காரணம் எனக் கூறப்படுவது மிகக் குறைந்திருக்கும் காலத்தில், விளைவு மிகுந்திருக்கிறது. காரணத்தைத் தவறாகக் கூறியுள்ளோம் என்பதற்கு இதனினும் தெளிவான குறி வேண்டுவதில்லை.

ஓர் ஐயம் இங்கு எழலாம். “எண்ணெய் கடத்தாப் பொருள் அன்றோ? எண்ணெய்ப் படலம் சங்கிலியையும் சக்கரத்தையும் பிரித்து, மின்னேற்றத்தை நிறுத்திவைக்காதோ?” என்று வினவலாம். எண்ணெய் கடத்தாப் பொருள் என்பது உண்மையே. குழாய்களில் விரைந்து பாயும் பெட்ரோலியத்தில் நிலைமின்சாரம் தோன்றுவதும் உண்மை. ஆனால் சங்கிலியின் உருளை பற்சக்கரத்தின் பல்லில் அழுந்தும்போது எண்ணெய்ப் படலம் பல இடங்களில் விலகி, உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. மின்னேற்றம் செல்வதற்கு அத்தொடர்பே போதும்.

நிலைமின்சாரத்தின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட்டு என்னும் அளவைத் தாண்டினால் காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பொறி தோன்றி, மின்னேற்றம் வெளியேறிவிடும். அவ்வுச்ச அளவிலும், மின்னேற்றம் பெற்ற உலோகப் பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டர் மீது செயல்படும் இழுவிசை அரைக் கிராம் எடைக்கும் குறைவே. அனல் மின் நிலையங்களில் புகைத்தூசியை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் சாதனங்கள் உண்டு. ஆனால் அவற்றிற்குப் பல பத்தாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் இடைவிடாது தரப்படுகிறது. சைக்கிளில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

அழுக்கைப் பிடித்துக்கொள்வது எது?

விடை எளியது. அழுக்கைப் பிடித்துக்கொள்வது, சங்கிலியின் வெளிப்புறத்தில் ஈரமாக நிற்கும் எண்ணெயேயாகும்.

ஒரு நீர்மத்தின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய தோலைப்போல் சுருங்க முயல்கிறது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். ஒரு புழுதித் துகள் எண்ணெய்ப் படலத்தின்மேல் விழும்போது, எண்ணெய் அதனை நனைத்து, அதன் விளிம்பைச் சுற்றி ஏறி, துகளுக்கும் உலோகத்திற்கும் இடையே ஒரு சிறு பாலம்போல் அமைகிறது. அப்பாலத்தின் பரப்பு சுருங்க முயல்வதால் துகள் உலோகத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதும், ஈர மணல் வீடு கட்ட நிற்பதும் இவ்விசையினாலேயே. உலர்ந்த மணலில் வீடு நிற்பதில்லை என்பதைக் குழந்தைகளும் அறிவர்.

இவ்விசையின் அளவைக் காண்போம். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள உருண்டையான மணல் துகள் ஒன்று, சாதாரண மசகெண்ணெயால் நனைந்து உலோகத்தில் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டால், எண்ணெயின் பிடிப்பு அத்துகளின் எடையைப்போல் முப்பதாயிரம் மடங்கிற்கும் மேற்பட்டதாகிறது. உண்மையான புழுதித் துகள் கரடுமுரடானது. ஆதலின் பிடிப்பு இதனினும் குறைவாக இருக்கும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் அது துகளின் எடையைப்போல் மூவாயிரம் மடங்காகும். வண்டியின் அதிர்வு அதனை உதிர்க்காததில் வியப்பில்லை.

மற்றொன்றும் இக்கணக்கினால் விளங்குகிறது. துகளின் விட்டம் இருமடங்கானால் எண்ணெயின் பிடிப்பும் இருமடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. ஆகையால் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள பருமணலுக்கு அப்பிடிப்பு அதன் எடையைப்போல் பதினான்கு மடங்கு அளவே. பருமணல் வண்டியின் குலுக்கலில் உதிர்வதும், மாவுபோன்ற நுண்புழுதி நிலைத்து நிற்பதும் இதனாலேயே. மூட்டின் ஒடுங்கிய இடைவெளியில் நுழையக்கூடியதும் அந்நுண்புழுதியேயாகும்.

இனி, புழுதி சங்கிலிக்கு வந்து சேரும் வழியையும் நோக்குக. முன் சக்கரம் சாலையிலிருந்து கிளப்பும் தூசியும் சேறும் பின்னோக்கி வீசப்படுகின்றன. சங்கிலியின் கீழ்ப்பகுதி தரைக்கு அண்மையில் ஓடுகிறது. எனவே சங்கிலியை நாடிப் புழுதி ஈர்க்கப்பட்டு வரவேண்டிய தேவையே இல்லை. அது தானாகவே வந்து மோதுகிறது. சட்டத்தின் மீதும் அவ்வாறே மோதுகிறது. சட்டம் உலர்ந்திருப்பதால் அது நிற்பதில்லை. சங்கிலி ஈரமாக இருப்பதால் நிற்கிறது.

கரிய களிம்பு யாது?

எண்ணெயும் புழுதியும் மட்டும் கலந்தால் பழுப்பு நிறச் சேறே உண்டாக வேண்டும். சங்கிலியின் களிம்பு கரிய நிறமாயிருப்பதற்குக் காரணம், அதில் சங்கிலியினின்றே தேய்ந்து விழுந்த நுண்ணிய எஃகுத் தூள் கலந்திருப்பதாகும்.

நமது மண்ணின் மணற்பகுதியில் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கனிமம் உள்ளது. 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவையில் அதற்கு 7 என்னும் இடம் தரப்பட்டுள்ளது. சாதாரணக் கத்தியின் எஃகு ஐந்தரை முதல் ஆறரை வரை நிற்பது. சங்கிலியின் ஆணிகள் அதனினும் கடினமாகப் பதப்படுத்தப்பட்டவையாயினும், நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை மணல்தூளிடையே அரைபடும்போது தேயாமல் இருக்க இயலாது. மணலும் எண்ணெயும் கலந்த களிம்பு, வால்வுகளை இழைக்கப் பட்டறைகளில் பயன்படுத்தும் அரைப்புப் பசை போன்றே வேலை செய்கிறது.

சங்கிலி நீண்டுவிட்டது என்று பலர் கூறுவர். தகடுகள் இழுபட்டு நீள்வதாக அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஆணியும் குழலும் தேய்ந்து இடைவெளி பெருகுவதாலேயே சங்கிலி நீள்கிறது. இதனை ஓர் அளவுகோலால் அறியலாம். சங்கிலியை விறைப்பாக வைத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணிகளுக்கு அப்பாலுள்ள ஆணியின் நடு வரை அளக்க வேண்டும். புதிய சங்கிலியில் இது சரியாக 12 அங்குலம் இருக்கும். 12 அங்குலத்திற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்திருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு மிகுந்திருந்தால் பற்சக்கரங்களும் பெரும்பாலும் கெட்டிருக்கும். இவ்வெட்டில் ஒரு பங்கு மிகுதிக்கு ஒவ்வொரு மூட்டிலும் 0.13 மில்லிமீட்டர் தேய்ந்தாலே போதும். தேய்ந்த சங்கிலி பல்லைவிட்டு நழுவும்; சரிவான சாலையிலோ சந்தியிலோ அவ்வாறு நழுவினால், ஓட்டுபவர் நிலைதடுமாறி விழவும் நேரிடும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

மேற்கூறியவற்றை ஆசிரியர் சொல்ல மாணவர் ஏற்பது போதாது. செய்து கண்டு தெளிதல் வேண்டும். கீழ்க்காணும் மூன்று சோதனைகளுக்கும் விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

சோதனை 1: ஒரு சிறு நெட்டித் துண்டைப் பட்டுநூலில் கட்டித் தொங்கவிடுக. தேய்த்த சீப்பை அருகில் கொண்டுவந்தால் நெட்டி அதனை நோக்கி நகர்வதைக் காட்டுக. பின்னர், வண்டியை நிறுத்துதாங்கியில் நிறுத்தி, பெடலை நெடுநேரம் சுற்றி நிறுத்திவிட்டு, அதே நெட்டியைச் சங்கிலியின் அருகில் கொண்டுவருக. அது அசைவதில்லை என்பதைக் காணலாம். இச்சோதனையை ஈரமற்ற நாளில் செய்தல் வேண்டும். அப்பொழுதுதான் மின்சாரத்திற்கு முழு வாய்ப்பும் அளித்துப் பார்த்ததாகும்.

சோதனை 2: ஒரே அளவுள்ள நான்கு இரும்புத் தகட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள்க. முதலாவதை நன்கு துடைத்து உலர்த்துக. இரண்டாவதன் மீது எண்ணெய் பூசுக. மூன்றாவதன் மீது எண்ணெய் பூசிப் பின் துணியால் அழுந்தத் துடைத்துவிடுக. நான்காவதன் மீது உருக்கிய மெழுகை மெல்லிதாகப் பூசி இறுகவிடுக. நான்கையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்து, ஈரமண்ணில் அடித்த ஓர் இரும்புக் கோலோடு அக்கம்பியைப் பொருத்துக. உலோகம் தரையோடு இணைந்துவிட்டதால் எதிலும் மின்னேற்றம் தங்காது. இவற்றைப் புழுதி பறக்கும் சாலையோரத்தில் ஒருநாள் தொங்கவிட்டு, மாலையில் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பூசிய தகடே மிகுந்த அழுக்கை ஏற்றிருக்கும். துடைத்த தகட்டில் சிறிதளவும், உலர்ந்த தகட்டிலும் மெழுகுத் தகட்டிலும் அதனினும் குறைவாகவும் நிற்கும். வட இந்தியாவின் புழுதிப் புயல்களில் துகள்களே மின்னேற்றம் பெற்றிருப்பது அளந்து அறியப்பட்ட செய்தியாகும். ஆனால் மின்னேற்றமுள்ள துகளை உலர்ந்த தகடும் எண்ணெய்த் தகட்டைப்போலவே ஈர்க்க வேண்டும். அவ்விரண்டிற்கும் இடையே காணும் வேறுபாடு எண்ணெயினால் வந்ததே.

சோதனை 3: சங்கிலியிலிருந்து சுரண்டிய களிம்பை ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் கரைத்து, அடியில் படியவிட்டு, தெளிந்ததை இறுத்து, வண்டலை வெயிலில் உலர்த்துக. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அவ்வண்டலின் மேல் நகர்த்தினால் கரிய தூள் அதில் தொற்றிக்கொள்ளும். சாலைப் புழுதியிலும் காந்தம் ஈர்க்கும் இரும்புக் கனிமங்கள் சிறிது இருக்கலாம். எனவே அதே அளவு சாலைப் புழுதியை வேறொரு கிண்ணத்தில் எடுத்து, அதனையும் இவ்வாறே சோதித்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒப்பீடு இல்லாத சோதனை அரைச் சோதனையே என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

வேறு சில தவறான கருத்துகள்

வண்டியிலிருந்து தரையைத் தொடுமாறு கம்பி தொங்கவிட்டால் சங்கிலி அழுக்கேறாது என்பர். பெட்ரோல் ஏற்றிச் செல்லும் லாரிகளில் இரும்புச் சங்கிலி தரையில் இழுபடுவதைக் கண்டு எழுந்த கருத்து இது. அங்கே அதன் நோக்கம் வேறு. எரியக்கூடிய ஆவியின் அருகில் பொறி தோன்றாமல் காப்பதே அதன் நோக்கம், அழுக்கைத் தடுப்பதன்று. அங்கும், எண்ணெயை ஏற்றி இறக்கும்போது லாரியையும் தொட்டியையும் கம்பியால் இணைத்துத் தரையோடு சேர்ப்பதே நம்பத்தகுந்த பாதுகாப்பாகக் கொள்ளப்படுகிறது.

சங்கிலி உராய்வினால் காந்தமாகிவிடுகிறது என்பது மற்றொரு கருத்து. மணல் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. ஆகவே சங்கிலி காந்தமாயினும் மணல் அதனை நாடாது.

எண்ணெய் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நலம் என்பது மூன்றாவது கருத்து. மிகுந்த தீங்கு விளைப்பதும் இதுவே. மூட்டினுள் செல்லக்கூடிய எண்ணெய் சில துளிகளே. எஞ்சியது வெளியே நின்று புழுதியைப் பிடிப்பதன்றி வேறு பயன் தருவதில்லை. கெட்டியான கிரீசை வெளியில் அப்புவதும் இத்தகையதே. அது ஆணி வரை செல்வதில்லை.

வீட்டிலுள்ள எந்த எண்ணெயும் போதும் என்பதும் சரியன்று. நல்லெண்ணெய், கடுகெண்ணெய் முதலியவை காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, நாளடைவில் பிசின்போல் இறுகுகின்றன. மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் கரியும் உலோகத்தூளும் முன்பே கலந்துள்ளன. அதனைச் சங்கிலிக்கு இடுவது அரைப்புப் பசையை நாமே இடுவதாகும்.

பராமரிக்கும் முறை

காரணம் தெளிவானால் செய்ய வேண்டுவதும் தெளிவாகிறது. எண்ணெய் மூட்டின் உள்ளே இருத்தல் வேண்டும். வெளிப்புறம் உலர்ந்திருத்தல் வேண்டும்.

1. வாரம் ஒருமுறையும், சேற்றில் சென்றுவந்த பின்னரும், சங்கிலியின் கீழ்ப்பகுதியைப் பழந்துணியால் பற்றிக்கொண்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடைக்க வேண்டும். துணியோ விரலோ பற்சக்கரத்தில் சிக்காதவாறு எச்சரிக்கையாயிருக்க வேண்டும். சிறுவரை இதனைத் தனியே செய்யவிடுதல் கூடாது.

2. களிம்பு மிகுந்துவிட்டால் சங்கிலியை மண்ணெண்ணெயாலும் தூரிகையாலும் கழுவ வேண்டும். பெட்ரோலைப் பயன்படுத்தலாகாது. அருகில் அடுப்போ, பீடி சிகரெட் நெருப்போ இருத்தல் கூடாது. கழுவிய அழுக்கைக் கிணற்றருகிலும் வாய்க்காலிலும் ஊற்றலாகாது.

3. சங்கிலி முழுவதும் உலர்ந்த பின்னரே எண்ணெய் இட வேண்டும். அவ்வாறன்றி இட்டால் மூட்டினுள் எஞ்சிய மண்ணெண்ணெய் புதிய எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும்.

4. தையல் இயந்திர எண்ணெயைவிடச் சற்றுக் கனமான மசகெண்ணெயை, உருளை ஒன்றிற்கு ஒரு துளி வீதம் இடுக. பெடலைச் சிலமுறை சுற்றினால், நுண்புழைகளில் நீர் ஏறுவதுபோல் எண்ணெய் இடைவெளிக்குள் சென்றுவிடும். கால்மணி நேரம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் முற்றும் துடைத்துவிடுக. இத்துடைப்பே மிக இன்றியமையாத படி. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதுவே.

5. வறண்ட புழுதிப் பகுதிகளில் எண்ணெய்க்கு மாறாகப் பாரஃபின் மெழுகைப் பயன்படுத்தலாம். கழுவி உலர்த்திய சங்கிலியை வண்டியினின்று கழற்றி, உருகிய மெழுகில் மூழ்க வைத்து எடுத்தால், மெழுகு மூட்டுகளுக்குள் சென்று இறுகிவிடும், வெளிப்புறம் உலர்ந்திருக்கும். மெழுகை நேரடியாக நெருப்பின்மேல் வைத்தால் தீப்பற்றக் கூடும். ஆதலின் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்தே அதனை உருக்க வேண்டும். மழைமிகுந்த பகுதிகளில் துரு ஏறாமல் காப்பதற்கு எண்ணெயே ஏற்றது.

6. மட்கார்டையும் சங்கிலியின் மூடியையும் அழகுக்கென வைத்த உறுப்புகள் எனக் கருதிக் கழற்றிவிடலாகாது. சங்கிலி முழுவதையும் மூடும் பெட்டி அமைந்த பழைய வகைக் கருநிற வண்டிகளில் சங்கிலி நெடுங்காலம் உழைத்ததற்கு அப்பெட்டியே காரணம். இங்கிலாந்தின் ‘சன்பீம்’ வண்டிகளில் சங்கிலியை எண்ணெயோடு கூடிய மூடிய பெட்டியினுள்ளேயே ஓடச்செய்தனர். அங்கே எண்ணெய் மிகுந்திருந்தும் கேடு விளையவில்லை. புழுதி உள்ளே செல்லாமையே அதற்குக் காரணம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

காரணம் எளிதில் புலப்படாத பல நிகழ்ச்சிகளுக்கு நிலைமின்சாரம், காந்தம், உஷ்ணம் என்னும் பெயர்களை இட்டுவிடுவது நம்மிடையே வழக்கமாகியுள்ளது. பெயர் விஞ்ஞானத்தைச் சார்ந்ததாக இருப்பதால், கூற்றும் விஞ்ஞான உண்மையாகிவிடுவதில்லை. மாணவர் ஒருவர் அத்தகைய விடையைக் கூறும்போது ஆசிரியர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். நீ கூறும் காரணம் மிகும்போது விளைவும் மிகுகிறதா? அக்காரணத்தை நீக்கிய பின்னரும் விளைவு நிகழ்கிறதா? அக்காரணம் உள்ள பிற இடங்களிலும் அவ்விளைவு தோன்றுகிறதா? மழைக்காலமும், தரையோடு இணைத்த தகடுகளும், அழுக்கற்ற சட்டக் குழாயும் இம்மூன்று வினாக்களுக்கும் விடை தந்துவிட்டன.

களப்பணியாளர்கள் தம் வண்டியின் சங்கிலியை இன்றே 12 அங்குல அளவுகோலால் அளந்து பார்ப்பார்களாக. பள்ளிகளுக்குச் செல்லும்போது மாணவர்க்கு வழங்கப்பட்ட வண்டிகளையும் அவ்வாறே அளந்து, தேய்ந்த சங்கிலிகளைக் குறித்துக்கொண்டு, பற்சக்கரம் கெடுவதற்குமுன் அவற்றை மாற்றச் செய்வார்களாயின், பொதுப்பணத்தில் வாங்கிய வண்டிகள் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். அதற்கு ஓர் அளவுகோலும், ஒரு துண்டுப் பழந்துணியும், சில துளி எண்ணெயும் போதும்.